ஸ்டேக்ஹவுஸ் மெனுக்கள், அரதப்பழசான ஓட்டல் வெப்சைட்டுகள்: கண்ணில் பட்ட கூத்துகளை இங்கே போடுங்கள்

நெய்ச்சோறு எழுதியது:

டாலஸில் அலுவலக விருந்து என்றால் பாதி நேரம் ஸ்டேக்ஹவுஸ்தான், அதாவது தடித்த மாட்டிறைச்சித் துண்டை வாட்டிப் பரிமாறும் கடை. இடம் பார்த்து மேசை பிடிக்கிற வேலை எப்படியோ என்னிடம் வந்து சேரும். அதனால் ஸ்டேக் கடைகளின் மெனுவையும் வெப்சைட்டையும் உட்கார்ந்து படிப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. ஒரு தட்டுக்கு இவ்வளவு காசு வாங்கும் தொழிலில் இவ்வளவு கூத்தா என்று சிரிப்பு தாங்கவில்லை. தனியாகச் சிரித்து என்ன பயன்? அதனால் இந்த இழை.

பெயர்களிலிருந்து ஆரம்பிக்கிறேன். டெக்சாஸ் ரோட்ஹவுஸ் 1993-ல் தொடங்கப்பட்டது இண்டியானா மாநிலத்தில், கிளார்க்ஸ்வில் என்கிற ஊரில். தலைமை அலுவலகம் கெண்டகி மாநிலத்து லூயிவில்லில். டெக்சாஸின் நீளக்கொம்பு மாட்டைப் பெயரிலேயே வைத்திருக்கும் லாங்ஹார்ன் ஸ்டேக்ஹவுஸ் 1981-ல் பிறந்தது அட்லாண்டாவில். டெக்சாஸிலேயே குடியிருக்கும் எனக்கு இது தெரிந்தபோது வாய்விட்டுச் சிரித்தேன்.

பெயர் விஷயத்தில் என் மனதுக்குப் பிடித்தது ரூத்ஸ் கிறிஸ். அந்தப் பெயரை வேகமாகச் சொன்னால் நாக்கு சிக்கிக்கொள்ளும். பின்னால் நல்ல கதை உண்டு. ரூத் ஃபெர்டெல் என்கிற அம்மா 1965-ல் வீட்டை அடமானம் வைத்து நியூ ஆர்லியன்ஸில் 'கிறிஸ் ஸ்டேக் ஹவுஸ்' என்ற கடையை வாங்கினார். அந்தப் பெயரை வேறு இடத்தில் பயன்படுத்தக்கூடாது என்று ஒப்பந்தம். 1976-ல் கடை தீப்பிடித்து வேறு கட்டிடத்துக்கு மாற வேண்டி வந்தது. என்ன செய்தார்? பழைய பெயருக்கு முன்னால் தன் பெயரைச் சேர்த்துவிட்டார். பெயர் கோணலாக இருந்தாலும் அந்த அம்மாவின் துணிச்சலை நினைத்தால் கை கூப்பத் தோன்றுகிறது.

ஒரே ஒரு வேண்டுகோள். குடும்பமாக நடத்தும் சின்னக் கடைகளின் பெயரைப் போட்டு மானத்தை வாங்க வேண்டாம். கூத்தை மட்டும் சொல்லுங்கள்.

---

மெல்பர்ன் மைனா எழுதியது:

உங்களுக்கு ஒரு மாநிலத்தைத்தான் எடுத்துக்கொண்டார்கள் அண்ணே, எங்களுக்கு நாட்டையே எடுத்துக்கொண்டார்கள்! அவுட்பேக் ஸ்டேக்ஹவுஸ் 1988-ல் ஃப்ளோரிடாவின் டாம்பாவில் ஆரம்பித்த கடை. ஆரம்பித்தவர்கள் ஆஸ்திரேலியாவை எட்டிக்கூடப் பார்க்காமலே மெனு போட்டவர்கள்.

'குக்கபரா விங்ஸ்' என்று ஒன்று. குக்கபரா இங்கே மரத்தில் உட்கார்ந்து விடியற்காலையில் ஊரைக் கூட்டும் பறவை. தட்டில் வருவது கோழி இறக்கை. 'ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் சிக்கன்' என்று இன்னொன்று: கோழி மார்புக்கறி மேல் பேக்கன் (உப்பிட்ட பன்றிக்கறி), காளான், உருகிய சீஸ், தேன் கலந்த கடுகு சாஸ். ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் எங்கள் நாட்டின் நட்டநடுவில் செம்மண் பாலைக்குள் இருக்கும் ஊர். அந்த ஊருக்கும் இந்தக் கோழிக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது சொன்னால் புண்ணியமாகப் போகும்.

அவர்களின் பெயர்போன ஐட்டம் 'ப்ளூமின் ஆனியன்'. பெரிய வெங்காயத்தைப் பூவாக வெட்டி, மாவில் புரட்டி, அப்படியே எண்ணெயில் முக்கிப் பொரித்தது. மெல்பர்னில் யார் வீட்டிலும் நான் அதைப் பார்த்ததில்லை. ஆனால் ஒன்று, அமெரிக்கா போனபோது தின்று பார்த்தேன், அருமையாக இருந்தது. ஆஸ்திரேலியா என்று சொல்லாமல் வைத்திருந்தாலும் விற்றிருக்கும்.

---

உப்புமூட்டை எழுதியது:

டெக்சாஸ் என்றதும் அமரில்லோவை விட்டுவிட்டீர்களே! பிக் டெக்சன் ஸ்டேக் ராஞ்ச், 1960-ல் ரூட் 66 சாலையோரம் திறந்த கடை. அங்கே மெனுவில் 72 அவுன்ஸ் ஸ்டேக் இருக்கிறது. இரண்டு கிலோ! ஒரு மணி நேரத்துக்குள் முடித்தால் இலவசம், இல்லாவிட்டால் முழுக் காசும் கட்ட வேண்டும். ஸ்டேக் மட்டும் தின்றால் போதாது. இறால் காக்டெய்ல், சுட்ட உருளைக்கிழங்கு, சாலட், வெண்ணெய் தடவிய ரொட்டி எல்லாவற்றையும் சேர்த்து முடிக்க வேண்டும்.

எனக்குப் பிடித்தது அந்த விதிமுறைகள்தான். போட்டிக்காரரை மேடை போட்ட மேசையில் எல்லார் கண்ணிலும் படும்படி உட்கார வைப்பார்கள், தலைக்கு மேல் கடிகாரம் ஓடும். கடிகாரம் தொடங்கும் முன் ஒரு துண்டு வெட்டி ருசி பார்த்து, வெந்த பக்குவம் சரிதானா என்று சொல்லலாம். தொடங்கிய பிறகு எழுந்து நிற்கக்கூடாது. பக்கத்தில் இருப்பவர் உதவக்கூடாது. வாந்தி எடுத்தால் ஆட்டம் முடிந்தது. இதெல்லாம் ஒரு சாப்பாட்டுக் கடையின் விதிகள்!

மாலி ஸ்கைலர் என்கிற ஒல்லியான பெண் 2014-ல் அதை ஐந்து நிமிடத்துக்குள் முடித்தார். மறு ஆண்டு திரும்பி வந்து, 20 நிமிடத்தில் மூன்று முழுச் சாப்பாட்டைக் காலி செய்தார். ஆறு கிலோ மாட்டுக்கறி, பக்கத்து ஐட்டங்கள் தனி. அந்தக் காணொளியைப் பார்த்த அன்று எனக்கு ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை.

---

பழைய சர்வர் எழுதியது:

மெனு கிடக்கட்டும், வெப்சைட்டுக்கு வருகிறேன். என் பிழைப்பே வெப்சைட் கட்டுவதுதான், நியூ ஜெர்சியில். ஓட்டல் வெப்சைட்டுகளைப் பார்த்துச் சிரித்தும் இருக்கிறேன், வயிறெரிந்தும் இருக்கிறேன்.

ஒரு காலத்தில் ஸ்டேக்ஹவுஸ் வெப்சைட் என்றால் இப்படித்தான்: திறந்ததும் திரை முழுக்கக் கறுப்பு. 'லோடிங்' என்று ஒரு கோடு மெல்ல நிரம்பும். பிறகு ஒரு சாக்ஸபோன் அலறும், அலுவலகத்தில் பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்ப்பார். ஒரு கத்தி இடமிருந்து வலம் வரும், திரை இரண்டாகப் பிளக்கும், உள்ளேயிருந்து கடையின் சின்னம் புகையோடு எழும். மூலையில் பொடி எழுத்தில் 'ஸ்கிப் இன்ட்ரோ'. வந்தவருக்குத் தேவை ஒரு ஃபோன் நம்பர்!

எல்லாம் ஃப்ளாஷில் செய்தது, வெப்சைட்டில் அசையும் படத்தையும் ஒலியையும் ஓட்டும் மென்பொருள் அது. 2007-ல் ஐஃபோன் வந்தது, அதில் ஃப்ளாஷ் ஓடாது. தெருவில் நின்றுகொண்டு 'இப்போது கடை திறந்திருக்கிறதா' என்று பார்ப்பவர்தானே ஓட்டலுக்கு முக்கியமான வாடிக்கையாளர்? அவருக்கு அந்த வெப்சைட்டில் தெரிந்தது வெறும் கட்டம். அப்போதும் பல கடைகள் மாற்றவில்லை. 2020 டிசம்பர் 31-ஓடு அடோபி ஃப்ளாஷுக்கு ஆதரவை நிறுத்தியது. 2021 ஜனவரி 12 முதல் அந்த மென்பொருளே எதையும் ஓட்ட மறுத்துவிட்டது. அதற்குப் பிறகும் வெறும் சாம்பல் நிறக் கட்டத்தோடு நின்ற ஓட்டல் முகப்புகளை நான் பார்த்திருக்கிறேன்.

ஃப்ளாஷ் போன இடத்தில் பிடிஎஃப் வந்து உட்கார்ந்துகொண்டது. அச்சகத்துக்குக் கொடுத்த மெனுவை அப்படியே ஏற்றிவிடுவார்கள். ஃபோனில் திறந்தால் எறும்பு எழுத்து. விரலால் பெரிதாக்கினால் விலை வலப்பக்கம் ஓடிப்போகும், விலையைத் தேடிப் போனால் எந்த ஐட்டத்தின் விலை என்று தெரியாது.

இதற்கெல்லாம் காரணம் முதலாளியின் சோம்பல் என்று நினைக்காதீர்கள். நான் உள்ளே போய்ப் பார்த்த பல கடைகளில் நடப்பது இதுதான். கடை திறக்கும்போது யாரோ ஒரு தெரிந்த பையன் வெப்சைட் போட்டுக் கொடுத்திருப்பான். டொமைன், அதாவது வெப்சைட்டின் முகவரி, அவன் பெயரில், பாஸ்வேர்டு அவன் தலையில். அவன் வேறு ஊருக்குப் போயிருப்பான். விலை மாறும், நேரம் மாறும், திங்கட்கிழமை விடுமுறையாகும், ஆனால் அந்தப் பக்கத்தைத் தொட யாராலும் முடியாது. முதலாளி அதிகாலையில் இறைச்சி இறக்கி, நள்ளிரவில் கல்லா மூடும் மனிதர். அவருக்கு இதையெல்லாம் எந்த நேரத்தில் யார் சொல்லித் தருவது?

---

தயிர்சாதம் எழுதியது:

நான் சுத்த சைவம். ஆனால் குழு விருந்து என்று இழுத்துக்கொண்டு போவார்கள், போகாமல் இருக்க முடியாது. ஸ்டேக்ஹவுஸ் மெனுவை அடியிலிருந்து மேலே படிக்கும் ஆள் நான்.

அடியில் 'சைட்ஸ்' என்று இருக்கும். சுட்ட உருளைக்கிழங்கு, மசித்த உருளைக்கிழங்கு, பொரித்த உருளைக்கிழங்கு, சீஸ் போட்ட உருளைக்கிழங்கு. அப்புறம் கிரீமில் வேகவைத்த பசலைக்கீரை, ஆஸ்பராகஸ், காளான், மேக் அண்ட் சீஸ். பெரிய கடைகளில் மேக் அண்ட் சீஸில் லாப்ஸ்டர் என்கிற சிங்கி இறாலைப் போட்டுவிடுவார்கள், கீரையில் பேக்கன் விழுந்திருக்கும். உருளைக்கிழங்கின் மேலும் பேக்கன் தூள்! மெனுவில் எழுதியிருந்தால் பரவாயில்லை. எழுதாமல் போடுவதுதான் கொடுமை. அதனால் வெப்சைட்டில் மெனு சரியாக இருப்பது எனக்கு வேடிக்கை விஷயமே இல்லை, அன்றைக்குச் சாப்பிடுவேனா பட்டினியா என்கிற விஷயம்.

பலமுறை முன்கூட்டியே ஃபோன் போட்டு, கீரையில் என்ன போடுகிறீர்கள் என்று கேட்பேன். பெரும்பாலும் தன்மையாகப் பேசுவார்கள். ஒரு கடையில் சமையல்காரரே வந்து பேசி, எனக்கென்று பேக்கன் இல்லாமல் தனியாகச் செய்து வைத்தார். அந்தக் கடைக்கு வெப்சைட்டே கிடையாது!

---

ஆற்காட்டுக்காரி எழுதியது:

மெனுவில் எழுதும் வர்ணனையை யாரும் தொடவில்லையே. ஸ்டான்ஃபோர்டில் டான் ஜுராஃப்ஸ்கி என்கிற மொழியியல் பேராசிரியரும் அவருடைய குழுவும் 6,500 மெனுக்களை, அதிலிருந்த 6,50,000 உணவுகளை எடுத்து ஆராய்ந்தார்கள். ஒரு உணவை வர்ணிக்கும் சொற்களின் சராசரி நீளம் ஓர் எழுத்து கூடினால் விலை 18 சென்ட் கூடியிருந்ததாம். இனி மெனுவில் நீளமான சொல்லைக் கண்டால் பர்ஸைத் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதேபோல விலைக்கு முன்னால் டாலர் குறி போடாமல் வெறும் '64' என்று மட்டும் எழுதும் பழக்கம். அது அழகுக்காக மட்டும் இல்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தார் 2009-ல் செய்த ஆய்வில், வெறும் எண் போட்ட மெனு கிடைத்தவர்கள் அதிகம் செலவழித்தார்கள்.

எனக்கு உண்மையாகவே கோபம் வரும் இடம் கோபே. ஜப்பானின் ஹியோகோ மாகாணத்தில் வளரும் தஜிமா வம்ச மாடுகளின் இறைச்சி, கடுமையான தரச் சோதனையில் தேறினால் மட்டும் கோபே. 2012 வரை அது ஜப்பானை விட்டு ஏற்றுமதியே ஆகவில்லை. அந்தக் காலத்தில் அமெரிக்கா முழுக்க மெனுக்களில் கோபே பர்கர், கோபே ஹாட் டாக்! ஏமாற்று வேலை, வேறென்ன? அப்படியே உண்மையான கோபே கிடைத்தாலும் அதைக் கொத்தி பர்கராக்குவதில் அர்த்தமில்லை. சதைக்குள் மெல்லிய கோடுகளாக ஓடும் கொழுப்புக்காகத்தானே அந்த விலை? அரவையில் போட்டால் அது எங்கே இருக்கும்?

'பிரைம் ரிப்' இன்னொன்று. அமெரிக்க வேளாண் துறை மாட்டிறைச்சியைப் பிரைம், சாய்ஸ், செலக்ட் என்று தரம் பிரிக்கிறது. மெனுவில் பிரைம் ரிப் என்று இருந்தால் அது பிரைம் தரம் என்று அர்த்தமில்லை. விலா எலும்புப் பகுதியை முழுசாக வாட்டிய ரோஸ்டுக்கு அது பழைய பெயர், அவ்வளவுதான். சாய்ஸ் தர இறைச்சியிலும் பிரைம் ரிப் செய்யலாம், செய்கிறார்கள். பிரைம் காசு கொடுப்பவர்கள் சர்வரிடம் தரத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், கேட்பதில் வெட்கமே வேண்டாம்.

---

உப்புமூட்டை எழுதியது:

அக்கா, டோமஹாக்கை விட்டுவிட்டீர்கள். விலாப் பகுதியின் ரிப்-ஐ துண்டுதான், விலா எலும்பை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டாமல் விட்டிருப்பார்கள். எலும்போடு நிறுத்துத்தான் விலை. லண்டனில் 2021-ல் திறந்த நுஸ்ரெத் கடையில் தங்க இலை ஒட்டிய டோமஹாக் மெனுவில் 1,450 பவுண்டு என்று இருந்தது. தங்க இலைக்கு ருசியும் இல்லை, மணமும் இல்லை. தங்கம் வாங்க நம் ஊரில் தனிக் கடை இருக்கிறது, அதை யாரும் தின்பதில்லை.

---

கோபுரக்கலசம் எழுதியது:

எல்லாரும் கேலி செய்கிறீர்கள், நான் கொஞ்சம் எதிர்க்கட்சி பேசுகிறேன். பழசு எல்லாம் கெட்டதில்லை.

புரூக்ளினில் பீட்டர் லூகர், 1887-லிருந்து இருக்கும் கடை. மெனுவைப் பாருங்கள்: இருவருக்கான ஸ்டேக், மூவருக்கான ஸ்டேக், நால்வருக்கான ஸ்டேக். மலையடிவாரத்தில் மேய்ந்த மாடு, கடல் உப்பு தூவியது என்கிற கதை எதுவும் கிடையாது. தடியாக வெட்டிய தக்காளியும் வெங்காயமும் ஒரு ஐட்டம். பேக்கன் துண்டுக் கணக்கில். வெகு காலமாக வெளி கிரெடிட் கார்டே வாங்காமல் இருந்தவர்கள். 2019-ல் நியூயார்க் டைம்ஸ் விமர்சகர் பீட் வெல்ஸ் ஒரு நட்சத்திரம்கூடக் கொடுக்கவில்லை. இருந்தாலும் கூட்டம் குறைந்தபாடில்லை. எதைத் தருகிறோமோ அதை ஒரு வரியில் சொல்லும் மெனு எனக்குப் பிடித்திருக்கிறது.

டாம்பாவின் பெர்ன்ஸ் ஸ்டேக் ஹவுஸ் மெனு இதற்கு நேர் எதிர். ரயில்வே கால அட்டவணை மாதிரிக் கட்டம் போட்டு வைத்திருப்பார்கள். எந்த வெட்டு, எத்தனை அங்குலக் கனம், எத்தனை அவுன்ஸ், எத்தனை பேருக்கு, என்ன விலை. பக்குவத்துக்கும் தனி விளக்கம்: உள்ளே குளிர்ந்திருக்குமா, வெதுவெதுப்பா, மேல்தோல் கருகியிருக்குமா என்று. பார்த்தவுடன் சிரிப்புதான் வரும், நானும் சிரித்தேன். ஆனால் ஆற அமரப் படித்தால், இத்தனை அங்குலம், இத்தனை அவுன்ஸ் என்று எழுத்தில் கொடுக்கும் கடை எத்தனை இருக்கிறது? அந்தக் கட்டத்தை எழுதியவர் இறைச்சியை மதித்தவர், வாடிக்கையாளரையும் மதித்தவர்.

வெப்சைட்டும் அப்படித்தான். பழைய பக்கங்களில் ஓர் அழகு இருக்கிறது. ஓடும் எழுத்து, பார்வையாளர் எண்ணிக்கைக் கட்டம், பச்சையில் மினுங்கும் 'நியூ'. அதையெல்லாம் ஏன் துடைத்தெறிய வேண்டும்? அப்படியே இருக்கட்டுமே.

---

நெய்ச்சோறு எழுதியது:

> கோபுரக்கலசம்: எதைத் தருகிறோமோ அதை ஒரு வரியில் சொல்லும் மெனு

இதை முழுசாக ஒத்துக்கொள்கிறேன். போர்ட்டர்ஹவுஸ், டி-போன் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் எத்தனை பேர் காசு கொடுக்கிறார்கள்? இரண்டிலும் 'டி' வடிவ எலும்பு, ஒரு பக்கம் ஸ்ட்ரிப், மறு பக்கம் மிருதுவான டெண்டர்லாயின். அந்த டெண்டர்லாயின் பக்கம் குறைந்தது 1.25 அங்குல அகலம் இருந்தால்தான் போர்ட்டர்ஹவுஸ், அரை அங்குலம் இருந்தாலே டி-போன். வேளாண் துறையின் அளவு இது. மெனுவில் ஒரு வரி சேர்த்தால் போதும். அதை விட்டுவிட்டு 'எங்கள் பாரம்பரியத்தின் இதயத்துடிப்பு' என்று எழுதுகிறார்கள்.

இறாலுக்கும் நண்டுக்கும் 'மார்க்கெட் பிரைஸ்' போடுவதாவது புரிகிறது, தினம் மாறும். ஸ்டேக்குக்கும் அப்படிப் போடும் கடைகளை எனக்குப் பிடிக்கவில்லை. விருந்தாளிகள் முன்னால் விலை கேட்க யாருக்கும் கூச்சமாக இருக்கும், அந்தக் கூச்சத்தில் காசு பார்ப்பது தப்பு.

---

மாடித்தோட்டம் எழுதியது:

கோபுரக்கலசம் சார், பழைய வெப்சைட் அப்படியே இருக்கட்டும் என்று சொன்னீர்கள். ஒரு விஷயம் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

என் அண்ணனுக்குப் பார்வை இல்லை. ஃபோன் திரையில் இருப்பதைப் படித்துக் காட்டும் மென்பொருளை வைத்துத்தான் எல்லா வேலையும் செய்வான், என்னைவிட வேகமாகச் செய்வான். சிகாகோவில் என் பிறந்தநாளுக்கு அவன் எங்களை ஒரு ஸ்டேக் கடைக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லி, முன்னாடியே மெனு பார்க்க உட்கார்ந்தான். கடையின் மெனு முழுக்கப் புகைப்படம். ஃபோன் படித்தது இதுதான்: "படம். மெனு ஃபைனல் நியூ டூ டாட் ஜேபிஜி. படம். மெனு ஃபைனல் நியூ டூ காப்பி டாட் ஜேபிஜி." அவன் விரலை நகர்த்த நகர்த்த அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. நேரம், முகவரி எல்லாம்கூடப் படத்துக்குள். கடைசியில் என்னைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னான். விருந்து தருபவன் அவன், விலையைப் படித்தது நான். அது அவனுக்குப் பிடிக்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

அமெரிக்காவில் இதற்கு வழக்கே நடந்திருக்கிறது. கிய்யெர்மோ ரோப்ளெஸ் என்கிற பார்வையற்றவர், வெப்சைட்டிலும் செயலியிலும் தன்னால் பீட்சா ஆர்டர் செய்ய முடியவில்லை என்று 2016-ல் டாமினோஸ் மீது வழக்குப் போட்டார். மாற்றுத்திறனாளிகள் சட்டம் இதற்கும் பொருந்தும் என்று 2019-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. நிறுவனம் உச்ச நீதிமன்றம் வரை போனது, அது வழக்கை எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டது.

நீங்கள் சொல்லும் ஓடும் எழுத்தும் எண்ணிக்கைக் கட்டமும் இருக்கட்டும், எனக்கும் பிடிக்கும். மெனுவை மட்டும் எழுத்தாகப் போடுங்கள்.

---

கோபுரக்கலசம் எழுதியது:

கோபம் எதற்கம்மா. நீங்கள் சொல்வது நியாயம். அழகு வேறு, மெனுவை எழுத்தாகப் போடுவது வேறு. இரண்டாவதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

---

பழைய சர்வர் எழுதியது:

மாடித்தோட்டம் சொன்னதற்கு நூறு லைக். பார்வை உள்ளவர்களுக்கும் இது பொருந்தும். படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடுபொறியால் சரியாக எடுக்க முடியாது. 'பக்கத்தில் போர்ட்டர்ஹவுஸ் கிடைக்குமா' என்று தேடுபவர் கண்ணில் அந்தக் கடை படாமலே போகும்.

இதில் இன்னொரு ஆபத்து இருக்கிறது, பலருக்குத் தெரியாது. கடையின் வெப்சைட் செத்துக் கிடந்தால் அந்த இடத்தில் வேறு யாராவது வந்து உட்காருவார்கள். கிரப்ஹப் என்கிற டெலிவரி நிறுவனம் ஓட்டல்களின் பெயர்களில் 23,000-க்கும் மேற்பட்ட டொமைன்களைப் பதிந்து வைத்திருந்ததாக 2019-ல் செய்தி வந்தது. எங்கள் ஒப்பந்தத்தில் இதற்கு இடமிருக்கிறது என்று நிறுவனம் சொன்னது. வாடிக்கையாளர் கடையின் சொந்தப் பக்கம் என்று நம்பி ஆர்டர் செய்வார், கமிஷன் நடுவில் போய்விடும். வெப்சைட் பழசாகக் கிடப்பதைப் பார்த்து நாம் சிரிக்கிறோம், அங்கே ஒரு குடும்பத்தின் வருமானத்தில் ஓட்டை விழுகிறது.

---

மெல்பர்ன் மைனா எழுதியது:

கொஞ்சம் சிரிப்புக்குத் திரும்புவோமா? மார்ட்டன்ஸ் கடையில் முன்பெல்லாம் மெனுவை வண்டியில் தள்ளிக்கொண்டு வருவார்களாம்! பச்சை இறைச்சித் துண்டுகளை பிளாஸ்டிக் தாள் சுற்றி அடுக்கி, ஒரு பெரிய உருளைக்கிழங்கு, உயிரோடு மீசையை ஆட்டும் ஒரு லாப்ஸ்டர். சர்வர் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி இது இன்ன வெட்டு என்று விளக்குவார். என் தோழி நேரில் பார்த்திருக்கிறாள். அந்த லாப்ஸ்டர் எத்தனை மேசை சுற்றி வந்ததோ, பாவம் என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

---

ஆற்காட்டுக்காரி எழுதியது:

பழைய மெனுக்களைப் படிக்க ஆசைப்படுபவர்களுக்கு ஒரு புதையல். நியூயார்க் பொது நூலகத்தில் ஃபிராங்க் பட்டால்ஃப் என்கிற அம்மா (பெயர்தான் ஃபிராங்க், பெண்தான்) 1900-லிருந்து மெனுக்களைச் சேர்க்க ஆரம்பித்தார். ஊர் ஊராகக் கடைகளுக்குக் கடிதம் எழுதி, நேரில் போய்க் கேட்டு, ஏறத்தாழ 25,000 மெனுக்கள் சேர்த்தார். இன்று அவற்றில் ஏராளமானவை ஸ்கேன் செய்யப்பட்டு இணையத்தில் இருக்கின்றன. 2011-ல் நூலகம் பொதுமக்களை அழைத்து, ஒவ்வொரு மெனுவிலும் உள்ள உணவையும் விலையையும் எழுத்தாகத் தட்டச்சு செய்ய வைத்தது.

அதில் ஸ்டேக் என்று தேடுங்கள். சர்லாயின், போர்ட்டர்ஹவுஸ், காளானோடு, காளான் இல்லாமல், பக்கத்தில் விலை. முடிந்தது. நூறு வருடத்துக்கு முந்தைய மெனுவை நான் ஃபோனில் படிக்க முடிகிறது, போன வாரம் பார்த்த கடையின் மெனுவைப் படிக்க முடியவில்லை! ஒரு தனி மனுஷி பிடிவாதமாகச் சேர்த்ததால் இது நமக்குக் கிடைத்தது. அவரை நினைத்தால் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

---

தயிர்சாதம் எழுதியது:

அக்கா, இரண்டு மணி நேரமாக அதிலேயே கிடக்கிறேன். செலரித் தண்டை மட்டும் தனி ஐட்டமாக வைத்து விற்றிருக்கிறார்கள்! சைவத்துக்கு அப்போதும் அடிப்பக்கம்தான்.

---

சின்னமணி எழுதியது:

இழையை முழுசாகப் படித்தேன். என் மாமா டொராண்டோ பக்கம் சின்னதாக ஒரு கிரில் கடை வைத்திருக்கிறார். வெப்சைட் நீங்கள் சொன்ன அதே நிலை: மெனு புகைப்படம், விலை பழசு, நேரம் தப்பு. போட்டுக் கொடுத்தவர் இப்போது எங்கே என்று தெரியவில்லை. பழைய சர்வர் அண்ணே, எங்கிருந்து ஆரம்பிப்பது? செலவு செய்ய அவரிடம் அதிகம் இல்லை.

---

பழைய சர்வர் எழுதியது:

தம்பி, பயப்படாதே, பெரிய செலவு இல்லை. முதலில் டொமைன் யார் பெயரில், எந்த நிறுவனத்தில் பதிவாகியிருக்கிறது என்று பார். மாமாவின் பழைய மின்னஞ்சலில் புதுப்பிப்பு ரசீது ஏதாவது வந்திருக்கும், அந்த நிறுவனத்தின் பெயரைப் போட்டுத் தேடு. கடையின் பெயரில் பதிவாகியிருந்தால் அடையாளச் சான்று காட்டி மீட்கலாம். இல்லையென்றால் புது டொமைன் வாங்குவது எளிது.

அதற்கு நடுவில் இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று: கூகுள் மேப்பில் கடையின் பக்கத்தை மாமா பெயரில் உரிமை கோரி, நேரத்தையும் ஃபோன் நம்பரையும் சரிசெய்துவிடு. பாதிப் பேர் அங்கேதான் பார்க்கிறார்கள், அதற்குக் காசும் கிடையாது.

பிறகு மெனு. மாமாவிடம் உட்கார்ந்து இப்போதைய விலையோடு ஒரு தாளில் எழுதி வாங்கு. எதில் என்ன இறைச்சி, எத்தனை அவுன்ஸ், எது சைவம், எதில் வேர்க்கடலை என்று எல்லாம். படம் எடுக்காதே, தட்டச்சு செய்து தனிச் செய்தியில் எனக்கு அனுப்பு. ஒரே பக்கம்தான், சனிக்கிழமை உட்கார்ந்தால் போட்டுவிடலாம். பாஸ்வேர்டு மாமாவிடமே இருக்கட்டும், எனக்கு வேண்டாம்.